வசனத்தை விளக்குமுன் கூலியை எண்ணுங்கள்

நீதி, விடுதலை என்ற நோக்கில் வேதம் வாசிக்க ஒரு குழுவை உட்காரவைத்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "இதன் ஆவிக்குரிய அர்த்தம் என்னவென்றால்" என்று ஆரம்பித்துவிடுவார். திராட்சத்தோட்டம் திருச்சபை ஆகிவிடும், கூலி நித்திய ஜீவன் ஆகிவிடும், கடன் பாவம் ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் ஒரு வேலையாள்கூட மிச்சமிருக்க மாட்டார். இந்த வகை வேதபாடங்கள் வழக்கமாகக் கெட்டுப்போகிற இடம் இதுதான். அதனால் நடத்துகிறவர் ஒரு விதியை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டால் போதும்: விளக்கம் பேசத் தொடங்குமுன், பகுதியில் இருக்கிற நிலம், கூலி, கடன், தானியம், நேரம் எல்லாவற்றையும் எண்ணி எழுதிவிட வேண்டும். யாருக்குச் சொந்தம், யார் உழைக்கிறார், யார் எடுத்துக்கொள்கிறார், யாருக்கு அந்தப் பகுதியில் ஒரு வரி பேச்சுகூட இல்லை. இவற்றைக் குறித்தபிறகு ஆவிக்குரிய அர்த்தத்துக்கு வரலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அப்போது அது வேறு மாதிரி இருக்கும்.

வேதத்தை இப்படி வாசித்துவிடக்கூடும் என்ற பயம் ஆண்டைகளுக்கு எப்போதும் இருந்தது. கரீபியன் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளுக்குக் கொடுப்பதற்காக 1807ல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படுகிற கதை முழுக்க எடுக்கப்பட்டிருந்தது. யோசேப்பு நல்ல ஊழியனாக இருந்த கதை மட்டும் பத்திரமாக இருந்தது. வெட்டியவர்களுக்குப் புத்தகம் நன்றாகப் புரிந்திருக்கிறது.

இந்த வாசிப்பு முறை பல இடங்களில் பல பேரால் உருவானது. பிரேசிலில் ஏழை மக்கள் கூடி வேதம் வாசிக்கிற அடித்தளச் சமூகங்களோடு வேலை செய்த கார்மெல் சபைக் குரு கார்லோஸ் மெஸ்டெர்ஸ், மூன்று மூலைகள் வேண்டும் என்றார்: வேத பாகம், அதை வாசிக்கிற சமூகம், அந்தச் சமூகம் வாழ்கிற நிலைமை. ஒரு மூலை போனாலும் வாசிப்பு சாய்ந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உஜாமா மையம் கேள்விகளின் வரிசையைச் சீர்ப்படுத்தியது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, தலித் மக்களின் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை இறையியலாகப் பேசினார். கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியம் இருக்கிறது, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கிறது. புதிதாக ஒரு அமைப்பு தொடங்கத் தேவையில்லை. இருக்கிற கூட்டத்தில் மாதம் ஒரு முறை இதற்கு நேரம் கேட்டு வாங்கினால் போதும்.

குழு பன்னிரண்டு பேருக்குக் குறையாமல், இருபதுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஆள் அதிகமானால் நான்கு, ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். வட்டமாக உட்கார வேண்டும், எல்லோரும் ஒரே மட்டத்தில். ஆயருக்கு மட்டும் நாற்காலி போட்டால் அன்றைக்கு ஆயர்தான் பேசுவார். ஒன்றரை மணி நேரம் போதும்: வாசிக்கப் பத்து நிமிடம், முதல் கேள்விக்குப் பதினைந்து, பாகத்தை எண்ணிப்பார்க்க முப்பது, நம் ஊரோடு வைத்துப் பார்க்க இருபத்தைந்து, என்ன செய்வது என்று முடிவெடுக்கப் பத்து. கடைசிப் பத்து நிமிடத்தை எல்லோரும் தின்றுவிடுவார்கள், அதைக் காப்பாற்றுவது நடத்துகிறவரின் வேலை. சார்ட் பேப்பர் நான்கு, தடித்த மார்க்கர் இரண்டு. யார் எது சொன்னாலும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "கூலிய அமுக்கிட்டான்" என்று ஒரு அம்மா சொன்னால் "ஊதியம் மறுக்கப்பட்டது" என்று திருத்தி எழுதக் கூடாது. திருத்தினால் அந்த அம்மா அதோடு வாயைத் திறக்க மாட்டார்.

பாகத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும். முதல் முறை நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர், பழைய திருப்புதலில். இரண்டாம் முறை வேறொருவர், 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில். மூன்றாவது முறை புத்தகத்தை மூடிவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கதையைத் தன் வாயால் சொல்ல வேண்டும், விட்டுப்போனதை மற்றவர்கள் சேர்க்க வேண்டும். மூன்றாவது முறையில்தான் பாகம் குழுவின் கைக்கு வரும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "இது எதைப் பற்றியது?" இதற்குத் தப்பான பதில் கிடையாது.

தொடங்குவதற்கு மத்தேயு 20:1-16 நல்ல பாகம்: திராட்சத்தோட்ட எஜமான் ஒருவர் வெவ்வேறு நேரத்தில் பிடித்த ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கிற உவமை. சதுக்கத்தில் நின்று வேலைக்குக் காத்திருக்கிற ஆட்கள் யாருக்கும் புதிதல்ல. கொத்தனாரும் சித்தாளும் காலை ஏழு மணிக்கு மேஸ்திரிக்காக நிற்கிற முக்கு எல்லா ஊரிலும் உண்டு. நேரக் கணக்கை முதலில் தெளிவாக்கிவிடுங்கள், பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிற கணக்கு அது. மூன்றாம் மணி என்றால் காலை ஒன்பது, பதினோராம் மணி என்றால் மாலை ஐந்து. பிறகு எண்ண வேண்டியவை: எஜமான் எத்தனை முறை ஆள் பிடிக்கப் போகிறார்? ஐந்து. எத்தனை முறை கூலி பேசுகிறார்? ஒரே முறை, விடியலில் பிடித்தவர்களோடு மட்டும், ஒரு பணம் என்று. மற்றவர்களுக்கு "நியாயமானபடி" தருவதாகப் பேச்சு. ஒரு பணம் என்பது ஒரு ஆளின் ஒரு நாள் கூலி, ஒரு குடும்பம் அதில் அன்றைக்குச் சாப்பிடலாம், சேர்த்துவைக்க முடியாது. மாலை ஐந்து வரை சதுக்கத்தில் யார் நின்றிருப்பார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள் என்று பதில் தானாக வரும். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று அவர்கள் சொல்வதில் சோம்பல் எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி.

இந்த உவமையில் குழு இரண்டாகப் பிரிவது வழக்கம். எஜமான் கடவுள், வேலை கிடைக்காதவனுக்கும் முழு வயிற்றுச் சோறு தருகிறார் என்பது ஒரு பக்கம். இல்லை, இவன் பெரிய பண்ணைக்காரன், கடைசி ஆளுக்கு முதலில் கொடுத்து வேலையாட்களை ஒருவர்மேல் ஒருவர் எரிச்சல்பட வைத்து, "என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்று கேட்கிறவன் என்பது மறுபக்கம். இரண்டாவது வாசிப்பை வேத அறிஞர்களும் முன்வைத்திருக்கிறார்கள், குழுவின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நடத்துகிறவர் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முற்போக்காக இருக்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டாவதைத் திணிக்கிறவர்களும் உண்டு. அது பழைய பிரசங்கத்தின் மறுபதிப்புதான், பிரசங்கியார் மட்டும் மாறியிருக்கிறார். இரண்டையும் தாளில் எழுதிவிட்டு, உபாகமம் 24:14-15ஐ வாசியுங்கள்: ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிற சட்டம். இரண்டு பக்கத்தாரும் அதில் வந்து நிற்பார்கள். பேச்சு அங்கிருந்து ஆண் கூலி, பெண் கூலி வித்தியாசத்துக்குத் தானே போகும்.

இரண்டாவது கூட்டத்துக்கு நாபோத். 1 இராஜாக்கள் 21. இந்த அதிகாரத்துக்கு ஒரு கூட்டம் போதாது, இரண்டு ஒதுக்குங்கள். அவற்றில் முதல் கூட்டத்தில் ஒரே ஒரு பட்டியல் போட வேண்டும்: இந்த நிலம் கைமாற யார் யார் என்ன என்ன செய்தார்கள். ஆகாப் ராஜா கீரைக்கொல்லை போட நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்கிறான், பதிலுக்கு வேறு தோட்டமோ விலையோ தருவதாகச் சொல்கிறான், நாபோத் மறுத்ததும் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்கிறான். அவன் மனைவி யேசபேல் நிருபங்களை எழுதுகிறாள். முத்திரை ராஜாவினுடையது. நிருபம் போவது நாபோத்தின் சொந்த ஊர் மூப்பருக்கும் பெரியோருக்கும். அவர்கள் உபவாசம் கூறுகிறார்கள். பொய்ச் சாட்சிக்கு இரண்டு பேரை உட்காரவைக்கிறார்கள், இரண்டு பேர் என்பது சட்டம் கேட்கிற எண்ணிக்கை. கல்லெறிவது ஊரின் வெளியே, அதுவும் முறைப்படி. கடைசியில் ராஜா எழுந்துபோய்த் தோட்டத்தைச் சுதந்தரித்துக்கொள்கிறான். ஒரு காகிதத்திலும் ஒரு தப்பும் இல்லை.

பட்டியல் முடியுமுன் யாராவது "எல்லாம் அந்தப் பொம்பளை பண்ணின வேலை" என்பார்கள். விடாதீர்கள். ஆசைப்பட்டது யார், முத்திரை யாருடையது, ராஜா கையெழுத்துப் போடாமலே காரியம் நடந்தபோது வாய் திறக்காத மூப்பர்கள் எத்தனை பேர், எலியா தீர்க்கதரிசி முதலில் யாரிடம் போய் நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகத் தாளைக் காட்டிக் கேளுங்கள். பிறகு 2 இராஜாக்கள் 9:26. நாபோத்தின் குமாரர்களும் கொல்லப்பட்டது அங்கேதான் தெரியவருகிறது. வாரிசு இருந்தால் நிலம் திரும்பக் கேட்கப்படும் அல்லவா. நிலத்தில் உழைத்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் குழு கவனிக்கும், கவனிக்காவிட்டால் கேளுங்கள்: ஆகாப் இரட்டுடுத்தி மனந்தாழ்ந்தபோது தண்டனை தள்ளிப்போகிறது, ஆனால் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வரி இல்லை. நாபோத்தின் மனைவியைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

நாபோத்துக்கு ஒதுக்கிய இரண்டாம் கூட்டம் நம் நிலத்துக்கு. லேவியராகமம் 25:23ல் தொடங்கலாம்: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்." தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் 1891ல் கொடுத்த அறிக்கையின்பேரில் 1892ல் அரசு உத்தரவு வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம், பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம். நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 1994ல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

கூட்டம் உணர்ச்சியோடு முடிந்து வீட்டுக்குப் போவதில் பயனில்லை. ஊரில் அப்படி நிலம் இருந்திருக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால், சர்வே எண்களை முதலில் எழுதுங்கள். இன்றைய பட்டாவையும் சிட்டாவையும் மட்டும் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது, அதில் இப்போதைய பெயர்தான் இருக்கும். எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவுக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடும் அ-பதிவேடும் வேண்டும், நிபந்தனை நிலம் என்ற குறிப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தாசில்தார் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு, முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒரு மனுவில் ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு ஆவணம் என்று கேளுங்கள். "எங்கள் ஊர்ப் பஞ்சமி நில விவரம் முழுவதும்" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த நிலத்துக்காரரிடமே கூலிக்குப் போகிறவராக இருக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு குடும்பத்தின் வேலை போய்விடும்.

கடனுக்கு நெகேமியா 5. பஞ்ச காலத்தில் தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், ராஜாவின் தீர்வைக்காகக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள் என்று மூன்று முறையீடுகள். முறையிடுகிறவர்களில் ஸ்திரீகளும் இருந்தார்கள் என்று முதல் வசனமே சொல்கிறது. பத்தாம் வசனத்தில் நெகேமியா தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை ஒத்துக்கொள்கிறார். பதினொன்றாம் வசனத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற நூற்றில் ஒன்றை மாதக் கணக்காக எடுப்பது வழக்கமான விளக்கம். அப்படியானால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம். இதைக் கேட்டதும் பெண்கள் சிரிப்பார்கள், நூற்றுக்கு ஐந்து, பத்து என்று மாத வட்டி கட்டுகிறவர்கள் அவர்கள். இந்த இடத்தில் ஒவ்வொருவரும் தன் கடனைச் சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரே ஊரில், கடன் கொடுத்தவரின் உறவினரும் வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். பெயரில்லாத துண்டுச் சீட்டில் மாதத் தவணையை மட்டும் எழுதிப் போடச் சொல்லி மொத்தத்தைக் கூட்டிக் காட்டினால் போதும். நுண்கடன் நிறுவனங்களின் தவணை உட்படக் கடன் தவணைகள் மொத்தமும் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் விதி போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லிருந்து இருக்கிறது. இரண்டையும் தாளில் எழுதி ஒட்டுங்கள்.

மாற்கு 12:41-44, ஏழை விதவையின் இரண்டு காசு. காணிக்கை ஞாயிறில் எல்லோரும் கேட்ட பாகம். இரண்டு காசு என்பது ஒரு நாள் கூலியில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. மேலே 38ம் வசனத்திலிருந்து கீழே 13:2 வரை சேர்த்து வாசித்தால் போதும், கேள்வியே வேண்டாம்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர், உடனே ஒரு விதவை, உடனே இடிக்கப்படப்போகிற தேவாலயம். "இவளைப்போல் போடுங்கள்" என்று இயேசு எங்கே சொல்கிறார் என்று தேடச் சொல்லுங்கள். பொருளாளர் கோபப்படுவார். இந்தப் பாகத்தைச் சபைத் தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் வைக்க வேண்டாம்.

2 சாமுவேல் 13ல், தகப்பன்வழி அண்ணன் அம்னோன் பலவந்தம் செய்த தாமாரின் கதையை ஆராதனையில் வாசிக்கக் கேட்டவர்கள் குறைவு. பல சபைகள் பின்பற்றுகிற பொது வாசகப் பட்டியலில் அது இல்லை. உஜாமா மையம் அதிகமாக நடத்திய பாகங்களில் இது ஒன்று. தாமார் பேசுகிறாள், காரணம் சொல்கிறாள், வழி காட்டுகிறாள். ஒருவனும் கேட்பதில்லை. அம்னோனின் சிநேகிதன் யோனதாப் திட்டம் போடுகிறான், தகப்பன் தாவீது கோபப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறான், "நீ மவுனமாயிரு" என்கிறான் கூடப்பிறந்த அப்சலோம். இதை ஆயத்தமில்லாமல் எடுக்கவே கூடாது. பெண்களுக்குத் தனிக் கூட்டம், நடத்துகிறவரும் பெண், மனநல ஆலோசனை தெரிந்த ஒருவர் அன்று முழுவதும் உடனிருக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இரண்டும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். எந்தக் கூட்டத்தில் எடுத்தாலும் யாரோ ஒருவருக்கு இது கதையாக இருக்காது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்பந்தப்பட்டது வெளியே வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், "இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்" என்று தொடக்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால் அது பொய்யாகிவிடும். எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாத்திராகமம் எல்லோருக்கும் பிடிக்கும், "என் ஜனத்தின் உபத்திரவத்தை நான் பார்க்கவே பார்த்து" என்கிற மூன்றாம் அதிகாரத்தில் கண் கலங்காத குழு குறைவு. ஆனால் எப்போதும் நாம்தான் இஸ்ரவேல் என்று வாசிக்கப் பழகிவிட்டால், யோசுவாவின் புத்தகத்தில் மாட்டிக்கொள்வோம். கானானியரின் இடத்தில் நின்று கேட்டால் அது விடுதலைக் கதையே அல்ல என்று அமெரிக்கப் பூர்வகுடி அறிஞர் ராபர்ட் வாரியர் 1989ல் எழுதினார். லேவியராகமம் 25 சொந்த ஜனத்துக்கு விடுதலை சொல்லிவிட்டு, 44ம் வசனத்தில் அந்நியரை அடிமையாக வாங்கலாம் என்கிறது. எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்குச் சொல்கிற எபேசியர் 6:5 இருக்கிறது. இவற்றை மழுப்பவும் வேண்டாம், கிழித்துப்போடவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் எடுக்காமல், குழு பேசப் பழகியபிறகு எடுங்கள். "இந்த வசனம் எழுதப்பட்டபோது அடிமை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்ற ஒரு கேள்வி போதும்.

ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் வேறு கணக்கு. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் பிரித்து வைத்திருக்கிற பங்கில், முதல் கூட்டத்திலேயே கலந்து உட்காரவைத்தால் தலித் பெண்கள் பேச மாட்டார்கள். முதல் மூன்று கூட்டம் தனித்தனியாக நடத்துங்கள். ஆதிக்கச் சாதிக் குழுவுக்கு நெகேமியா 5ஐக் கொடுத்து, ஏழாம் வசனத்தின் பெரியவர்களாகவும் அதிகாரிகளாகவும் தங்களை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், முறையிடுகிறவர்களின் பாத்திரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ள விடாதீர்கள், எடுக்கத்தான் பார்ப்பார்கள். சேர்ந்து கூடும் நாளில் டீயை யார் போடுவது, எந்த வீட்டு டம்ளர் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லாததைப் பேச எல்லோரும் தயாராக இருப்பார்கள், அரசைக் குறை சொல்வது எளிது. கல்லறையைப் பேசும்போதுதான் யார் எழுந்து போகிறார்கள் என்று தெரியும்.

முடிவெடுக்கும் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு காரியம், செய்கிறவர் பெயர், தேதி, மூன்றும் தாளில் வர வேண்டும். "நீதிக்காக ஜெபிப்போம்" என்பதைக் காரியமாக எழுத வேண்டாம், ஜெபம் எப்படியும் நடக்கும். அடுத்த கூட்டத்தில் பழைய தாளை முதலில் மாட்டி, ஆனதா என்று கேட்டுவிட்டுத்தான் புதிய பாகத்துக்குப் போக வேண்டும். ஆகவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள்: தாசில்தார் இல்லை, பஸ் இல்லை, அன்று கூலிக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று மாதத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்து, ஒரே காரணம் இரண்டு முறை வந்திருந்தால் அடுத்த பாகத்தை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.